சிறைப்பட்ட பெண்களின் கதையைத் தமிழில் எடுங்கள்: சிங்கப்பூர், மலேசியத் தமிழ்த் தொலைக்காட்சி நாடகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களே, கதாசிரியர்களே, இயக்குநர்களே, வணக்கம்.

சிங்கப்பூரையும் மலாயாவையும் ஜப்பானியர் 1942 முதல் 1945 வரை பிடித்து வைத்திருந்த ஜப்பான் காலம் என்று பேச்சு வந்தாலே நம்மிடையே முன்னால் வந்து நிற்பவர்கள் ஆண்கள்தான். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் கட்டவைத்த மரண ரயில் பாதை, இந்திய தேசிய ராணுவம், காட்டிலிருந்து போராடிய கெரில்லாக்கள். இவையெல்லாம் சொல்லப்பட வேண்டிய கதைகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே மூன்றரை ஆண்டுகள் சிறைக்கூடங்களிலும் முள்வேலி முகாம்களிலும் அடைபட்டுக் கிடந்த சாதாரணப் பெண்களைப் பற்றி ஒரு முழுத் தொடர் தமிழில் வர வேண்டும். அதைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

இந்தக் கதைக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1981-இல் பிபிசியில் தொடங்கி மூன்று பாகங்களாக வந்த 'டென்கோ'. சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஜப்பானியரிடம் பிடிபட்ட பெண்களின் முகாம் வாழ்க்கைதான் அதன் கதை. காவலர்களின் கொடுமையைவிட அந்தப் பெண்கள் தங்களுக்குள் போட்ட சண்டையையும், பகிர்ந்துகொண்ட சோற்றையும், விட்டுக்கொடுக்காத பிடிவாதத்தையும் அந்தத் தொடர் பொறுமையாகக் காட்டியது. அதில் வருபவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் பெண்கள். ஆசிய முகங்கள் ஓரத்தில்தான். அவர்கள் தங்கள் பெண்களின் கதையைச் சொன்னார்கள், அது நியாயம். நம் மண்ணில் நடந்ததை நம் பக்கத்திலிருந்து சொல்வது நம் வேலை.

முகாம் என்றதும் அடி, உதை, அலறல் என்றுதான் திரைக்கதை எழுதத் தோன்றும். தயவுசெய்து அங்கே தொடங்காதீர்கள். உண்மையில் நடந்தவற்றைப் படித்துப் பாருங்கள், நாடகத்துக்கு வேண்டிய அத்தனையும் வேறிடத்தில் இருக்கிறது.

ஒன்றைச் சொல்கிறேன். 1942 பிப்ரவரி 12 அன்று 'வைனர் புரூக்' என்ற கப்பல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பியது. அதில் ஆஸ்திரேலிய ராணுவச் செவிலியர் 65 பேர் இருந்தார்கள். இரண்டே நாளில் சுமத்ராவை ஒட்டிய பாங்கா தீவுக்கு அருகில் குண்டு வீசி அதை மூழ்கடித்தார்கள். 12 பேர் கடலோடு போனார்கள். கரையேறியவர்களில் 22 செவிலியரை ஜப்பானியச் சிப்பாய்கள் கடலுக்குள் நடக்கச் சொல்லி, பின்னாலிருந்து சுட்டார்கள். பிழைத்தவர் விவியன் புல்விங்கல் ஒருவர்தான். காயத்தோடு காட்டில் ஒளிந்திருந்துவிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் சரணடைந்தார். மற்றச் செவிலியர் இருந்த முகாமிலேயே அவரையும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இப்போது யோசியுங்கள். கடற்கரையில் நடந்ததற்கு உயிருள்ள சாட்சி அவர். அது வெளியே தெரிந்தால் அவர் மட்டுமல்ல, தெரிந்துகொண்ட எல்லோருமே தீர்ந்தார்கள். சீருடையில் குண்டு துளைத்த ஓட்டையைத் தண்ணீர்க் குடுவையை மாட்டி மறைத்தார். அப்புறம் மூன்றரை ஆண்டுகள் அவரையும் சேர்த்து முகாமிலிருந்த 32 செவிலியரும் வாயைத் திறக்கவில்லை. பசி, பெரிபெரி, மலேரியா, காய்ச்சலில் பிதற்றும் இரவுகள், சின்னச் சின்ன மனஸ்தாபங்கள், இத்தனைக்கும் நடுவே அந்த ரகசியம் காக்கப்பட்டது. அவர்களில் 8 பேர் முகாமிலேயே இறந்தார்கள், 24 பேர் ஊர் திரும்பினார்கள். புல்விங்கல் டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் போய்ச் சாட்சி சொன்னார். பத்து எபிசோடுகளைத் தாங்கக்கூடிய பதற்றம் இதில் இருக்கிறது. வில்லன் ஒருவனைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

சுமத்ராவின் பாலெம்பாங் முகாமில் நடந்த இன்னொன்று. கப்பல் மூழ்கி வந்தவர்களிடம் உடுத்திய துணியைத் தவிர எதுவும் இல்லை. டச்சுப் பெண்கள் பலர் வீட்டிலிருந்து வந்தவர்கள், ஓரளவு சாமானும் காசும் வைத்திருந்தார்கள். இல்லாதவர்கள் இருப்பவர்களுக்கு வேலை செய்து காசு தேடினார்கள். கம்பிவேலிக்குள்ளும் முதலாளி, கூலி என்ற பிரிவு வந்துவிட்டது. மொழியும் வேறு. அந்தக் கூட்டத்தில்தான் மார்கரெட் டிரைபர்க் என்ற மிஷனரியும், இசை படித்த நோரா சேம்பர்ஸும் சேர்ந்து குரல்களாலேயே ஒரு வாத்தியக் குழுவை உருவாக்கினார்கள். பியானோவுக்கும் பெரிய இசைக்குழுவுக்கும் எழுதப்பட்டவற்றை டிரைபர்க் நினைவிலிருந்தே தாளில் எழுதி, பெண் குரல்களுக்காகப் பிரித்துக் கொடுத்தார். வார்த்தையே கிடையாது, வெறும் ஓசை. அதனால் டச்சுக்காரியும் ஆங்கிலேயப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாட முடிந்தது.

1943 டிசம்பர் 27 அன்று முதல் கச்சேரி. நிற்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்துதான் பாடினார்கள். கூட்டம் கூடக்கூடாது என்று ஒரு காவலர் கத்திக்கொண்டே ஓடி வந்தார், பாட்டு காதில் விழுந்ததும் அப்படியே நின்று கேட்டார் என்று அங்கே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் காட்சியை எடுத்தால் பின்னணி இசை எதையும் மேலே ஏற்றாதீர்கள். அந்தப் பெண்களின் குரல் மட்டும் கேட்கட்டும். பாடியவர்கள் ஒவ்வொருவராகச் சாகச் சாகக் குழு கலைந்தது. டிரைபர்க்கும் 1945 ஏப்ரலில், விடுதலைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, இறந்துபோனார்.

சிங்கப்பூரிலேயே இருந்தவர்களுக்கு வருகிறேன். 1942 மார்ச்சில் பெண்களையும் பிள்ளைகளையும் காத்தோங்கிலிருந்து சாங்கி சிறைக்கு நடத்தியே கூட்டிப்போனார்கள். 600 கைதிகளுக்காகக் கட்டிய சிறையில் அதைப்போலப் பல மடங்கு ஆட்கள். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது, மனைவி எங்கே என்று கணவனுக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு சதுரத் துணி எடுத்து, அதில் பெயரும் பூவும் தங்களுக்குத் தோன்றியதும் தைத்து, 66 சதுரங்களைச் சேர்த்து ஒரு போர்வை செய்தார்கள். காயம்பட்டவர்களுக்கு என்று சொல்லி, ஆண் கைதிகள் இருந்த மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பெயரைப் பார்த்தால் உயிரோடு இருப்பது தெரிந்துவிடுமே! இப்படி மூன்று போர்வைகள். அதில் ஒன்றைக் காயம்பட்ட ஜப்பானியச் சிப்பாய்களுக்கென்றே செய்தார்கள். அந்தப் புத்திசாலித்தனத்தை எண்ணி எண்ணி வியக்கிறேன். அதே சிறையில் இருந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், அங்கே பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தே பிழைத்தன என்று பின்னாளில் சொன்னார். அவரையும் ஜப்பானிய ராணுவக் காவல்படையான கெம்பெய்தாய் பிடித்துக்கொண்டுபோய் மாதக்கணக்கில் அடைத்து வைத்தது.

சரி, நம் பெண்கள்?

சிபில் கார்த்திகேசு. யூரேசியச் செவிலியர், டாக்டர் கார்த்திகேசுவின் மனைவி. பேராக்கில் பாப்பான் என்ற சிற்றூரில் மருந்தகம் நடத்தி, இரவில் கெரில்லாக்களுக்குக் குண்டு எடுத்து, ரகசிய வானொலியில் செய்தி கேட்டவர். 1943-இல் பிடிபட்டு ஈப்போவிலும் பத்து காஜாவிலும் அடைபட்டார். சித்திரவதையின் விளைவுகளிலிருந்து மீளாமலே 1948-இல் இறந்தார். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அவருடைய சின்ன மகளை நெருப்புக்கு மேல் தொங்கவிட்ட காட்சிக்கே நேராகப் போய்விடுகிறார்கள். அந்தக் காட்சியை விளம்பரத் துணுக்காக்கிவிடாதீர்கள். கதவைத் தட்டி இரவில் வந்த ஆட்களை முன்னறையில் உட்காரவைத்து, அடுத்த நாளும் ஒன்றும் நடக்காததுபோல நோயாளிகளைப் பார்த்தாரே, அந்த அன்றாடத் தைரியத்தைக் காட்டுங்கள்.

எலிசபெத் சோய் இன்னொருவர். கணவரோடு மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலை நடத்தியவர், சிறைப்பட்டவர்களுக்குப் பணமும் மருந்தும் கடத்திக் கொடுத்தவர். ஏறத்தாழ 200 நாள் ஆண்களோடு ஒரே அறையில் கெம்பெய்தாய் அவரை அடைத்து வைத்திருந்தது. போருக்குப் பிறகு, தன்னை வதைத்தவர்களைத் தூக்கிலிடப் பெயர் சொல்லுங்கள் என்றபோது மறுத்துவிட்டார். போர் என்ற ஒன்று இல்லாவிட்டால் அவர்களும் வீட்டில் குடும்பத்தோடு இருந்திருப்பார்கள் என்பது அவர் எண்ணம். ஜப்பானியக் காவலரை எழுதும்போது உங்கள் கதாசிரியர் இதை மறக்கக் கூடாது.

எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. வெள்ளைக்காரப் பெண்கள் நாட்குறிப்பு எழுதினார்கள், திரும்பிப் போய்ப் புத்தகம் போட்டார்கள், அதனால் நமக்குத் தெரிகிறது. தோட்டங்களிலிருந்து ரயில் பாதைக்குப் புருஷனோடு போன தமிழ்ப் பெண்களும், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் மரவள்ளிக்கிழங்கை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர்களும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாகவே பெரும்பாலும் இருந்தார்கள். சொன்னதைக் கேட்டுக் குறித்தவர்களும் குறைவு. உங்கள் தொடரில் சாங்கியும் பாப்பானும் சயாம் பாதையின் கூலி முகாமும் ஒன்றுக்கொன்று குறுக்கிட்டு வரட்டும். மூன்றும் ஒரே போர், ஒரே கம்பிவேலி.

எடுப்பீர்கள் என்றால் சில வேண்டுகோள்கள். ஒவ்வொரு பெண்ணும் தன் மொழியிலேயே பேசட்டும், வசன வரி போட்டுவிடலாம். மூன்றாவது வருடக் காட்சியில் புருவம் திருத்திய முகம் வேண்டாம். ஜப்பான் சரணடைந்த நாளோடு கதையை முடிக்காதீர்கள், சுமத்ரா முகாமிலிருந்த அந்தச் செவிலியர் விமானமேறவே செப்டம்பர் நடுவாகிவிட்டது, திரும்பியபின் வாழ்ந்ததும் கதைதான். முக்கியமாக, எழுத உட்காரும் முன் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேளுங்கள். அவற்றில் ஜப்பான் காலத்தை நேரில் கண்டவர்களின் குரல்கள் இருக்கின்றன.

அந்தப் பதிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுக்க ஆள் தேவை என்றால் சொல்லுங்கள். சம்பளம் வேண்டாம், நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நாடகங்களைத் தவறாமல் பார்க்கும் ஒரு நேயர்