கோரிக்கை மனு: செயலியில் மூத்தவர்களுக்கு உதவுபவரை முறைப்படி நியமிக்க வழி வேண்டும்

அனுப்புநர்:
மூத்த குடிமக்கள் உள்ள குடும்பங்களின் சார்பில் ஒரு பயனாளி

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
மின் ஆளுமைத் துறை

பொருள்: பொதுச் சேவைச் செயலிகளில் உதவியாளர் நியமன வசதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஓய்வூதியம், மின் கட்டணம், மருத்துவமனை முன்பதிவு, சான்றிதழ் என எல்லாமே செல்போன் செயலிக்குள் போய்விட்டன. என் வயதுக்காரர்களுக்கு இது பெரிய வசதிதான். எங்கள் பெற்றோருக்கு அப்படி இல்லை.

என் அம்மா எழுபதைத் தாண்டியவர். வீட்டு வரவு செலவை நோட்டில் எழுதி, ஒரு பிசகு விடாமல் கணக்குப் பார்ப்பவர். ஒரு விண்ணப்பத்தை அவரே பூர்த்தி செய்ய உட்கார்ந்தார். ஓடிபி திரையின் மேலே எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. குறுஞ்செய்தியைத் தேடித் திறந்து, கண்ணாடியை மாட்டி, ஆறு இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பினால், செயலி முதல் பக்கத்தில் நிற்கிறது. நிரப்பியதெல்லாம் போச்சு. "நீயே போட்டுக் குடுத்துடும்மா" என்று போனை என் மகளிடம் கொடுத்துவிட்டார், கடவுச்சொல்லையும் சேர்த்து.

என் கவலை இங்கேதான். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எச்சரிக்கிறோம். சரியான எச்சரிக்கை. ஆனால் பேத்தியிடம் சொல்லாமல் பாட்டிக்கு ஒரு வேலையும் நடக்காது என்றால் அவர் என்ன செய்வார்? பேத்தியும் பக்கத்தில் இல்லாதவர்கள் முன்பின் தெரியாதவரிடம் போனை நீட்டுகிறார்கள். ஏமாற்றுபவனுக்கு அது போதும்.

சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வார்கள் என்பது பாதி உண்மைதான். ஐபோன் வெளிவந்தது 2007-இல். தொடுதிரை அம்மாவிடம் வந்தபோது அவர் ஐம்பதைக் கடந்திருந்தார். மகள் தெரியாத பட்டனைத் தட்டிப் பார்த்துத்தான் கற்கிறாள். அம்மா தட்டவே தயங்குகிறார், பணம் போய்விட்டால் யாரிடம் கேட்பது என்று. அந்தப் பயம் நியாயமானது. போதாததற்கு, வயதாக ஆக விரல் ரேகை தேய்கிறது, கையும் நடுங்குகிறது.

ஆகவே, முதன்மையாக நாங்கள் கேட்பது இதுதான்: மூத்தவர் தனக்கு நம்பிக்கையான ஒருவரை உதவியாளராகப் பதிவு செய்ய வழி வேண்டும். அந்த உதவியாளர் தன் சொந்தக் கடவுச்சொல்லில் நுழைய வேண்டும். கட்டணம் கட்டலாம், ஆனால் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றக் கூடாது என்பது போல வரம்பு இருக்க வேண்டும். அவர் செய்யும் ஒவ்வொன்றும் மூத்தவருக்குக் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். வேண்டாம் என்றால் உடனே ரத்து செய்ய முடிய வேண்டும். வீட்டில் வற்புறுத்திக் கையெழுத்து வாங்குவதும் நடக்கும் என்பதால், இந்தப் பதிவை அலுவலர் மூத்தவரிடம் தனியாகப் பேசி உறுதி செய்த பிறகே ஏற்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு அலுவலர் வீட்டுக்கே வர வேண்டும்.

அப்புறம், செயலியின் அமைப்பு. இணையத்துக்கான தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023 அக்டோபரில் டபிள்யூசிஏஜி 2.2 என்ற நெறிமுறையை வெளியிட்டது. எல்லோரும் எளிதாகப் பயன்படுத்தும்படி திரைகளை அமைப்பது எப்படி என்று சொல்லும் அதில் இதற்கெல்லாம் வழி இருக்கிறது. நேரம் முடியும் முன் எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தரலாம். ஓடிபியை நினைவில் வைத்துத் தட்டச்சு செய்ய வைக்காமல் நகலெடுத்து ஒட்ட அனுமதிக்கலாம். புதிய செயலிகளுக்கான ஒப்பந்தத்திலேயே இதைக் கட்டாயமாக்க வேண்டுகிறோம்.

இவை நடைமுறைக்கு வரும்வரை எந்தச் சேவைக்கும் நேரடி கவுன்ட்டரை மூட வேண்டாம். எடுத்த நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)