சனி, ஞாயிறு என் போன் எடுக்காது

கெய்ர்ன்ஸ், ஆஸ்திரேலியா
புதன், 2 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நல்ல சுகம். போனில் சொன்னால் அம்மா பாதியிலேயே பயந்துவிடுவாள், மீதியைக் கேட்கமாட்டாள். அதனால்தான் இதைத் தாளில் பெரிய எழுத்தாக எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். தம்பி நிதானமாக வாசித்துக் காட்டட்டும்.

வருகிற சனிக்கிழமை டெய்ன்ட்ரீ காட்டுக்குப் போகிறோம். ஒரு ராத்திரி அங்கேயே தங்கல். ஆற்றைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் டவர் கிடைக்காது. சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை நீங்கள் கூப்பிட்டால் என் போன் எடுக்காது. பதறவேண்டாம். என் வார்டில் வேலை செய்கிற கோட்டயத்து சேச்சியும் அவர் வீட்டுக்காரரும் கூட வருகிறார்கள். கார் அவர்களுடையது. சேச்சியும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைதான், காடு பழக்கம்.

இங்கே வந்து இரண்டு வருஷம். டூட்டி இல்லாத நாளெல்லாம் தூக்கத்தில் போயிற்று, கையில் மிஞ்சியதெல்லாம் லோனுக்குப் போயிற்று. போன மாதம் கடைசித் தவணையும் கட்டி முடித்தேன். அடுத்த வருஷம் இதே ஜூலையில் உங்கள் இரண்டு பேரையும் இங்கே கூட்டிவர வேண்டும், அப்பாவை இந்தக் காட்டுக்குள் நடத்திக் காட்ட வேண்டும். அப்பாவின் முட்டுக்கு ஏற்ற பாதை எது, அம்மா உட்கார எங்கே இடம் என்று இந்தத் தடவையே பார்த்து வைத்துக்கொள்ளப் போகிறேன்.

ஏன் ஜூலை என்றால், இங்கே டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். 2023 டிசம்பரில் ஜாஸ்பர் என்று ஒரு புயல் வந்தது. நமக்கு ஓகி வந்த மாதிரி. மலை சரிந்து, சாலை அறுந்து, இந்தக் காட்டுப்பக்கத்து ஊர்க்காரர்கள் வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொண்டார்கள். இப்போது சாலை திறந்துவிட்டது. கடலில் கொடிய சொறி மீன் வருவதும் நவம்பர் முதல் மே வரைதான் அதிகம். ஜூலையில் வானம் வெளுத்து, காற்று குளிர்ந்து இருக்கும்.

ஆறு வரைக்கும் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் வளைந்து வளைந்து ரோடு. அப்புறம் கரும்புக்காடு. டெய்ன்ட்ரீ ஆற்றுக்குப் பாலம் கிடையாது. இக்கரைக்கும் அக்கரைக்கும் இரும்பு வடம் கட்டி, அந்த வடத்தைப் பிடித்தே நகர்கிற மிதவை ஒன்று இருக்கிறது. காரோடு அதில் ஏறி நிற்கவேண்டியதுதான். காலை 5 மணியிலிருந்து நள்ளிரவு வரை ஓடுமாம். அக்கரையில் கரண்ட் கம்பியே இல்லை. சோலாரும் ஜெனரேட்டரும்தான். அங்கிருந்து இன்னும் 35 கிலோமீட்டர் போனால் கேப் ட்ரிபுலேஷன். தார் ரோடு அதோடு முடிகிறது. 1770-இல் கேப்டன் குக்கின் கப்பல் அந்தப் பக்கத்துப் பவளப்பாறையில் மோதியது. என் துன்பமெல்லாம் இங்கேதான் தொடங்கிற்று என்று அவர் வைத்த பெயர் அது.

நம்ம ஊரிலும் மலையும் கடலும் பக்கம்தான். ஆனால் நடுவே வயலும் குளமும் ஊரும் உண்டு. இங்கே காடு இறங்கி வந்து மணலிலேயே நிற்கிறது. படத்தில் பார்த்தபோது என்னால் நம்பமுடியவில்லை.

அப்பா, இது உங்களுக்கு. போன மாதம் ஒருநாள் மாஸ்மன் கோர்ஜ் வரை போய்வந்தேன். அது இதே காட்டின் தெற்கு ஓரம், ஆற்றுக்கு இக்கரையிலேயே இருக்கிறது. அந்த மண்ணின் சொந்தக்காரர்களான குக்கு யலஞ்சி ஜனங்களில் ஒரு பெரியவர் எங்களைக் கூட்டிப்போனார். உள்ளே நுழையும் முன் தீ மூட்டி, பச்சை இலையைப் போட்டுப் புகை எழுப்பி, அந்தப் புகையைச் சுற்றி எங்களை நடக்கவைத்தார். பிறகு ஒரு மரத்து இலையைப் பறித்து, தண்ணீர் தெளித்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தேய்த்தார். சோப்பு மாதிரி வெள்ளையாக நுரைத்தது! எனக்குப் பூந்திக்கொட்டை ஞாபகம் வந்தது. கீரிப்பாறைக் காட்டில் காணிக்காரத் தாத்தா ஒவ்வொரு இலையாகக் கசக்கி உங்கள் மூக்கருகே நீட்டுவாரே, அதே மாதிரி என் மூக்கருகேயும் நீட்டினார். 2021-இல் இந்தத் தேசியப் பூங்காவை அரசு அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. அதைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உலகத்தில் இன்னும் உயிரோடிருக்கிற மழைக்காடுகளில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். 1971-இல் இங்கே ஒரு பண்ணையில் மாடுகள் செத்துவிழுந்தன. வயிற்றைத் திறந்து பார்த்தால் பெரிய பெரிய விதைகள். அழிந்தே போயிற்று என்று நினைத்த ஒரு மரம் காட்டுக்குள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. பூக்கும் மரங்களில் மிகப் பழைய வம்சங்களில் ஒன்றாம். அந்த மரத்தைக் கண்டால் அடியில் நின்று படம் எடுத்து அனுப்புகிறேன்.

அம்மா, இனி நீ கேட்கப்போவது முதலைதானே. இருக்கிறது, ஒளிக்கவில்லை. தண்ணீர் ஓரத்திலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்பது இங்கத்து விதி. நான் பத்து மீட்டர் தள்ளி நிற்பேன். ஆற்றிலும் இறங்கமாட்டேன், கடலிலும் இறங்கமாட்டேன். காசோவரி என்று ஆள் உயரப் பறவையும் உண்டு. நீலக் கழுத்து, தலையில் கொம்பு மாதிரி ஒன்று, காலில் கத்தி மாதிரி நகம். எதிரே வந்தால் ஓடக்கூடாது, பையை முன்னால் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்க வேண்டும். அதில் முட்டையிட்டதும் தாய் போய்விடுமாம். அடைகாத்து, குஞ்சுகளை மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டு திரிவதெல்லாம் தகப்பன்தான். நீ ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம், விடியுமுன் தலைவிளக்கோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போய்வந்து அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் தலைபின்னி, சோறு கட்டித் தந்ததைத்தான் நினைத்துக்கொண்டேன். தம்பிக்கும் பின்னிவிட்டாரே, முடி வெட்ட நேரமில்லாமல்.

காலை ஏழு மணிக்கு இங்கிருந்து கிளம்புகிறோம். இருட்டில் வண்டி ஓட்டக்கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம், விலங்குகள் ரோட்டுக்கு வரும். காட்டுக்குள் பலகை பாவிய பாதைகள் இருக்கின்றன. சமதளம், மேடு பள்ளமில்லை. சதுப்பின் மேலேயே போகலாம். அடியில் நம்ம மணக்குடிக் காயலில் இருக்கிற மாதிரி அலையாத்தி மரங்கள். அப்பாவால் முடியுமா என்று ஒவ்வொன்றையும் நடந்து பார்த்து, எங்கெங்கே பெஞ்சு இருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். புளிசாதமும் தேங்காய்த் துவையலும் கட்டிக்கொள்கிறேன். இரண்டு நாளைக்குக் குடிதண்ணீர், டார்ச், மருந்துப் பெட்டி எல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

ஒன்று மட்டும் அப்பா சொல்லவேண்டும். அட்டை கடிக்காமலிருக்க நீங்கள் காலில் எதைத் தேய்ப்பீர்கள், உப்பா, புகையிலைத் தண்ணீரா? சேச்சி உப்பு என்கிறார். எனக்குப் புகையிலை வாசம்தான் ஞாபகம். வெள்ளிக்கிழமைக்குள் தம்பியிடம் சொல்லி அனுப்புங்கள்.

ஞாயிறு இங்கே இரவு 8 மணிக்கு, உங்களுக்கு மதியம் மூன்றரைக்கு, நானே கூப்பிடுகிறேன். அம்மா போனைச் சார்ஜில் போட்டு வை.

உங்கள் மகள்