கீழ்வீட்டுப் பாட்டுச் சண்டை

புரூக்ளின்
மே மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலமா? வேலை, வாடகை, குளிர் எல்லாம் போனிலேயே சொல்லிவிட்டேன். போனில் சொல்லி முடியாதது கீழ்வீட்டுப் பாட்டுச் சண்டைதான். உங்களுக்கும் தம்பிக்கும் டேப் ரிக்கார்டருக்காக நடக்காத சண்டையா! ஆனால் இங்கே தலைகீழாக நடக்கிறது.

வீட்டுக்காரர்கள் யூதர்கள். மூன்று தலைமுறையும் ஒரே வீட்டில். 1941-இல் பிறந்த பெரியவர்தான் எந்தப் பாட்டையும் விடாமல் கேட்பவர். மகன் இடையில் ஆசாரத்துக்குத் திரும்பியவர். ரேடியோ பாட்டு கூடாது, பெண்கள் பாடி ஆண்கள் கேட்கக் கூடாது. பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். காதில் எப்போதும் இயர்போன்.

மகனுக்குப் பாட்டே பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். ஆவ்ரஹாம் ஃப்ரீட் போன்றவர்கள் பாடும் பக்திப் பாட்டு சத்தமாகவே ஓடும். கீபோர்டு, டிரம்ஸ் என்று கண்ணை மூடிக் கேட்டால் சினிமாப் பாட்டுதான். பஸ்கா பண்டிகை முடிந்ததும் சில வாரம் அவர்களுக்குத் துக்க காலம். கல்யாணம் கிடையாது, முடி வெட்டுவதில்லை, வாத்தியமும் கேட்பதில்லை. வெறும் குரல் என்றால் பரவாயில்லை என்று பலர் கேட்கிறார்கள். அதற்கென்றே தனி ஆல்பங்கள் வருகின்றன, டிரம்ஸ் முதல் எல்லாம் வாயாலேயே. நம் கச்சேரிக் கொன்னக்கோல் மாதிரி இருக்கும். "கடவுளுக்கே இது வாயா வாத்தியமா என்று சந்தேகம் வந்திருக்கும்" என்கிறார் பெரியவர். மகனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியவருக்கு வேறொரு பழக்கம். டிவியில் யார் பாடினாலும் "இவன் நம்மவன்" என்று விரல் நீட்டுவார். அமெரிக்காவே கிறிஸ்துமஸுக்குப் பாடும் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டை எழுதிய இர்விங் பெர்லின், ஜெப ஆலயத்தில் பாடியவரின் மகனாம். பாப் டிலான் வீட்டில் வைத்த பெயர் ராபர்ட் சிம்மர்மேன். ஜோடியாகப் பாடிய பால் சைமனும் ஆர்ட் கார்ஃபங்கலும் இவரைப் போலவே குயின்ஸில் வளர்ந்தவர்கள், இவர் வயதுக்காரர்கள். 1957-இல் அவர்கள் முதல் ரிக்கார்டு போட்டபோது பெயர் 'டாம் அண்ட் ஜெர்ரி'. 1964-இல்தான் சொந்தப் பெயர் ஆல்பத்தின் அட்டையில் ஏறியது. அந்த அட்டையை எடுத்து வந்து என்னிடம் காட்டினார். கார்ஃபங்கல் என்ற எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே, "இப்படி ஒரு பெயரைக் கடையில் தொங்கவிட்டால் யார் வாங்குவார்கள் என்று பேசிய காலம் அது" என்றார்.

மகன் விடுவாரா? யோசெலெ ரோசன்பிளாட் என்ற ஜெப ஆலயப் பாடகர், 1918-இல் சிகாகோ ஆபரா என்ற இசை நாடகக் குழு ஒரு ராத்திரிக்கு ஆயிரம் டாலர் தருகிறோம் என்றும் போகவில்லை. "அவரல்லவா பாடகர்!" என்றார். பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "பத்திரிகையில் பணம் போட்டுக் கடனாளியானதும் அவரே கேளிக்கை மேடைகளில் ஏறவில்லையா? 1927-இல் 'ஜாஸ் சிங்கர்' படத்திலும்தான் பாடினார்." மகன், "படத்தில் பிரார்த்தனைப் பாட்டைப் பாட மாட்டேன் என்றார், சனிக்கிழமை மேடை ஏற மாட்டேன் என்றார், அதையும் சொல்லுங்கள்" என்றார். இரண்டும் உண்மையாம். அன்று சாப்பாட்டு மேசையில் அப்புறம் யாரும் பேசவில்லை.

பேத்திக்கு இது எதுவும் ஒட்டவில்லை. அவள் கேட்பது ஹைம் என்ற மூன்று சகோதரிகளை. ஹைம் அவர்கள் குடும்பப் பெயர், எபிரேயப் பெயர். அதையே வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். தாத்தா "இவர்களும் நம்மவர்கள்!" என்று குதித்தார். அவள், "இருந்துட்டுப் போகட்டும் தாத்தா, பேஸ் கிட்டாரைக் கேளுங்க" என்றாள். அவளுடைய அப்பா வீட்டில் இருந்தால் அதையும் ஸ்பீக்கரில் போட முடியாது, பெண் குரல்.

எனக்குப் பெரியவர் பக்கம்தான் மனசு சாய்கிறது. பெயரை ஒளித்துப் பிழைத்த காலத்தைப் பார்த்தவர், நம்மவர் யார் யார் என்று எண்ணிக்கொண்டிருக்காமல் என்ன செய்வார்? பேத்தியை யாரும் பெயரை மாற்றச் சொன்னதில்லை. அவளுக்கு எண்ண வேண்டிய அவசியமும் இல்லை. மகனுடைய வைராக்கியம்தான் எனக்குப் பிடிபட மாட்டேன் என்கிறது. அவரும் சின்ன வயதில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தவராம். அது இன்னும் பரண்மேல் இருக்கிறது. விற்கவும் மாட்டேன் என்கிறாராம்.

பணம் திங்கட்கிழமை வந்துவிடும். அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்