டோக்கனின் பின்புறம் போட்ட கோடுகள்

மன்னார்குடி
மாசி 3

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் அறுவடை நடுவே வந்தது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. சம்பா நெல் இன்னும் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதாம். விடியும்வரை பனி கொட்டும் களத்தில் நெல் வேறு எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் உன் மகன் வீட்டில் கூடத்தில் குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் ஃபாக்ஸ் நியூஸ், மாடியில் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாயும் எம்எஸ்என்பிசி (இப்போது பெயர் எம்எஸ் நவ்), சாப்பிடும்போது யாரும் வாய் திறப்பதில்லை என்று எழுதியிருந்தாய். சர்ச்சையான விஷயங்களில் மாறுபட்ட கருத்துகளையும் ஒளிபரப்ப வேண்டும் என்ற நியாய விதியை 1987இல் அங்கே கைவிட்டதுதான் காரணம் என்கிறாய். நான் முழுதாக ஒப்பமாட்டேன். உரிமம் வாங்கி அலைவரிசையில் ஒளிபரப்பும் நிலையங்களுக்காக 1949இல் போட்ட விதி அது. நீ சொல்லும் இரண்டு சேனலும் 1996இல் கேபிளில் பிறந்தவை. விதி உயிரோடு இருந்திருந்தாலும் அவற்றைக் கட்டியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

இங்கே ஜெயா, கலைஞர், கேப்டன் என்று பெயரிலேயே கட்சி தெரிந்துவிடும். அதிமுக உடைந்தபோது ஜெயா டிவி சசிகலா பக்கம் நின்றது. மறு பக்கத்தார் 2018இல் நியூஸ் ஜெ தொடங்கினார்கள். மன்னார்குடிக்காரனுக்கு இந்தக் கதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவர்களிடம் எனக்குக் குறை இல்லை. கரைவேட்டி கட்டி வருகிறவரிடம் யார் நடுநிலையை எதிர்பார்ப்பது? கரையை உள்பக்கம் மடித்துக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் என்னை உறுத்துகிறார்கள்.

போன வாரம் டீக்கடையில் அப்படி ஒரு சேனல் ஓடியது. மேட்டூர்த் தண்ணீர் பற்றி இரண்டு கட்சிக்காரர்களை அடுத்தடுத்துப் பேட்டி கண்டார்கள். கொள்முதல் நிலைய டோக்கனைத் திருப்பி, நெறியாளர் குறுக்கே பாயும்போதெல்லாம் ஒரு கோடு போட்டேன். முதலாமவருக்குக் கோடு போட இடம் போதவில்லை. இரண்டாமவருக்கு மூன்றே கோடு, அதிலும் ஒன்று "தண்ணீர் குடியுங்கள் ஐயா" என்பதற்கு. இருவரும் கர்நாடகம் நமக்குத் தர வேண்டிய 177.25 டிஎம்சி என்ற காவிரித் தீர்ப்பின் எண்ணை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கடைமடைக்கு முறை வைத்து எத்தனை நாள் தண்ணீர் விடுகிறார்கள் என்று ஒரு கேள்வி? மூச்.

நான் பொருமியபோது டீ மாஸ்டர், "அன்றைக்கு அந்தக் கட்சிக்காரரை இதே ஆள் மடக்கியபோது கைதட்டினீர்களே சார்" என்றார். உண்மைதான். நம் ஆளை மடக்கினால் மரியாதை கெட்டவன், அவர்கள் ஆளை மடக்கினால் துணிச்சல்காரன். முப்பது வருடம் பள்ளியில் விடைத்தாள் திருத்தியவனுக்கு இது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் குறுக்கே பாய்வதே தவறு என்று நீ சொல்வதை ஏற்கமாட்டேன். 1997இல் பிபிசியில் நெறியாளர் பாக்ஸ்மன், பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியைப் பத்து முறைக்கு மேல் கேட்டார். அடுத்த நிகழ்ச்சி தயாராகாததால்தான் இழுத்தேன் என்று பிறகு அவரே சொன்னது தனி வேடிக்கை. அவர் கத்தவில்லை, பதில் வரவில்லை என்பதை மட்டும் விடவில்லை. 2004இல் பத்திரிகையாளர் கரண் தாப்பர் ஜெயலலிதாவைக் கேட்டது நினைவிருக்கிறதா? முடிவில் தாப்பர் உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி என்றதும், எனக்கு மகிழ்ச்சி இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி, நமஸ்தே போட்டு மைக்கைக் கழற்றி வைத்தார் அம்மையார். முகம் சுளித்தார், ஆனாலும் கடைசிக் கேள்வி வரை அவர் எழுந்து போகவில்லை. இப்போது அந்தப் பொறுமையும் இல்லை, அந்தக் கேள்வியும் இல்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் கத்த, நெறியாளர் ஐந்தாவதாகக் கத்துகிறார்.

நீ உன் மகனோடும் மருமகளோடும் உட்கார்ந்து ஒரே பேட்டியை டோக்கன் கணக்கில் பார்த்தால் என்ன? ஆளுக்கொரு காகிதம். கோடுகள் ஒத்துப்போகாது, ஆனால் சண்டை போடவாவது பேசுவார்கள்.

வெயில் ஏறிவிட்டது. தார்ப்பாயை விலக்கி நெல்லைக் கிளறிவிட வேண்டும். டோக்கனைத் தொலைக்காமல் வைத்திருக்கிறேன். பின்பக்கம் கோடாகக் கிடப்பதைப் பார்த்து நிலையத்தில் என்ன சொல்வார்களோ தெரியவில்லை.

அன்புடன்,
ராமு