பூங்காவுக்கு அடியில் ஒரு நகரம்

இஸ்மிர், துருக்கி,
வியாழன் இரவு

அன்புள்ள செல்வம்,

எட்டு மாதங்களாக உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது என் தவறுதான். உன் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததையும், கைத்தடியோடு வாசல்வரை நடக்கத் தொடங்கிவிட்டதையும் அக்கா சொல்லித்தான் அறிந்தேன். வந்து பார்க்காத கோபத்தை நான் ஊர் திரும்பியதும் தீர்த்துக்கொள். இன்று காலை முதல் மாலை வரை ஒரு வழிகாட்டியோடு இந்த நகரத்தைக் கால்நடையாகச் சுற்றினேன். அறைக்கு வந்து படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

கும்பகோணத்தில் வழி தெரியும் என்று சொல்லி எங்களை ஒரே குளத்தை மூன்று முறை சுற்றவைத்தாயே, அதுபோல அல்ல. எங்கள் வழிகாட்டியான பெண்மணிக்கு ஒவ்வொரு சந்தும் அத்துப்படி. கோனாக் சதுக்கத்தின் மணிக்கூண்டில் தொடங்கினோம். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அரியணை ஏறிய 25ஆம் ஆண்டு நினைவாக 1901இல் எழுப்பிய கோபுரம் அது. உயரமும் 25 மீட்டர்தான். அங்கிருந்து கெமெரால்டி கடைவீதிக்குள் நுழைந்தோம். அந்த வீதி ஏன் இப்படி வில்லாக வளைகிறது என்று கேட்டேன். ஒரு காலத்தில் கடல் அதுவரை உள்ளே புகுந்திருந்ததாம். பழைய உள்துறைமுகம் தூர்ந்து மேடான பிறகு, அதன் கரை இருந்த வளைவிலேயே கடைகள் வரிசைகட்டிவிட்டன. கடல் போய்விட்டது, கரை மட்டும் தெருவாக இருக்கிறது. இதைக் கேட்டபோதே நீ பக்கத்தில் இல்லையே என்று தோன்றியது.

1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழிவந்தவர்கள் பின்னாளில் இங்கே குடியேறினார்கள். அவர்களுடைய தொழுகைக் கூடங்கள் நெருக்கமாக நிற்கும் தெருவில், அவர்கள் வழியாக இந்த ஊருக்கு வந்த போயோஸ் என்னும் அடுக்கடுக்கான ரொட்டியை வேகவைத்த முட்டையோடு தின்றோம். 1744இல் கட்டிய வணிகர் சத்திரத்தின் முற்றத்தில் அமர்ந்து, கோப்பையிலேயே காய்ச்சித் தரும் காப்பியும் குடித்தோம். காப்பியைப் பற்றி நேரில் சொல்கிறேன். உனக்கு நிச்சயம் பிடிக்கும்.

பிறகு ஸ்மிர்னா என்று பெயர் கொண்டிருந்த பழைய இஸ்மிரின் அகோராவுக்கு, அதாவது சந்தைச் சதுக்கத்துக்குப் போனோம். கி.பி. 178 வாக்கில் வந்த நிலநடுக்கத்தில் அந்த நகரம் தரைமட்டமாயிற்று. அப்போது ஏலியஸ் அரிஸ்டைடிஸ் என்ற சொற்பொழிவாளர் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாழாகிக் கிடக்கும் நகரத்தின்மேல் மேல்காற்று வீசிக்கொண்டிருக்கிறது என்ற இடம் வந்ததும் பேரரசர் கண்ணீர் விட்டார் என்றும், நகரத்தை மீண்டும் கட்டித்தர ஒப்புக்கொண்டார் என்றும் பழைய நூல் ஒன்று சொல்கிறது. அங்கே ஒரு தோரணவாயிலின் உச்சியில் அவருடைய மனைவி ஃபௌஸ்டினாவின் முகம் செதுக்கப்பட்டிருக்கிறது. கீழே நிலவறைச் சுவர்களில் அந்தக் காலத்து மக்கள் கிறுக்கிய கப்பல்களையும் காதல் குறிப்புகளையும் இன்றும் காணலாம். வாய்க்காலில் தண்ணீர்கூட ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கடிதம் ஒரு நகரத்தை எழுப்பியிருக்கிறது, செல்வம்! எட்டு மாதம் எழுதாதவனுக்கு அந்த இடத்தில் உன் நினைவு வராமல் எப்படி இருக்கும்?

இனி வருவதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பிற்பகலில் குல்துர்பார்க் என்ற பூங்காவுக்குப் போனோம். 100 ஏக்கர் அளவுக்குப் பரந்த நிழல்; பனைமரங்கள், குழந்தைகள், ஓடுபவர்கள். நடந்து களைத்த எங்கள் குழுவினர் புல்லில் சாய்ந்துவிட்டார்கள். இங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்டேன். வீடுகள் என்றார் வழிகாட்டி. 1919 மே மாதம் கிரேக்கப் படை இந்த நகரத்தில் இறங்கியதும், 1922 செப்டம்பர் 9இல் துருக்கியப் படை இதை மீட்டதும் நாம் படித்தவைதான். அதற்கு நான்கு நாள் கழித்துப் பற்றிய தீ, ஆர்மேனியர் குடியிருப்பையும் கிரேக்கர் குடியிருப்பையும் விழுங்கிவிட்டது. யார் வைத்த தீ என்பதில் இன்றுவரை வழக்குத் தீரவில்லை. முதுகில் நெருப்பும் முன்னால் கடலுமாக லட்சக்கணக்கானவர்கள் துறைமுகக் கரையில் நின்றார்கள். விரிகுடாவில் நின்ற வெளிநாட்டுப் போர்க்கப்பல்கள் முதலில் பெரும்பாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. ஆசா ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார் அலைந்து திரிந்து கிரேக்கக் கப்பல்களை வரவழைத்த பிறகே பெருங்கூட்டம் கப்பலேறிப் பிழைத்தது. எரிந்த நிலம் ஆண்டுக்கணக்கில் இடிபாடாகக் கிடந்து, 1936இல் பூங்காவாயிற்று.

ஆயிரத்து எண்ணூறு ஆண்டுக்கு முன் இடிந்த நகரத்தின் தூண்களைக் காலையில் கையால் தொட்டுப் பார்த்தேன். நூறு ஆண்டுக்கு முன் எரிந்த நகரத்தில் என் கண்ணுக்கு ஒரு வாசற்படிகூடத் தென்படவில்லை. அந்தப் புல்லில் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

மற்றவர்கள் படம் எடுக்கப் போயிருந்த நேரத்தில் அந்தப் பெண்மணி தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். 1923இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கிரீஸும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ள உடன்பட்டபோது, யாருக்கு எது தாய்மொழி என்று கேட்கவில்லை. மதத்தை மட்டுமே கேட்டார்கள். ஏற்கெனவே தப்பி ஓடியவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்குப் போனார்கள், 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் இங்கே வந்தார்கள். அப்படிக் கிரீட் தீவிலிருந்து சிறுமியாக வந்திறங்கியவர் இவருடைய கொள்ளுப்பாட்டி. அப்போது அவருக்குக் கிரேக்கம் தவிர வேறு மொழி தெரியாதாம். தெருவில் துருக்கியும் அடுப்படியில் கிரேக்கமுமாக வாழ்ந்து முடித்தவர், காட்டுக் கீரைகளைப் பறித்து எண்ணெயில் வதக்கும்போது மட்டும் ஒரு தாலாட்டைப் பாடுவாராம். அதன் பொருளை வீட்டில் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்று அந்த மெட்டு இவருக்குத் தெரிகிறது, சொற்கள் தெரியவில்லை. மெல்லப் பாடிக் காட்டினார். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

மேட்டுக் குடியிருப்புக்கு 155 படி ஏறவேண்டியிருந்ததால் 1907இல் இந்த ஊரில் ஒரு மின்தூக்கிக் கோபுரம் கட்டியிருக்கிறார்கள். உன் முழங்கால் தேறியதும் நாம் சேர்ந்து வந்து அதில் ஏறி விரிகுடாவைப் பார்ப்போம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். நீ எழுதிவரும் ஊர் வரலாற்றில் கல்வெட்டுகள் வரையில் முடித்துவிட்டாய் என்று அக்கா சொன்னார். மேலத்தெருவில் பூட்டிக் கிடக்கும் ஐந்து வீடுகளைப் பற்றி அத்தையிடம் நீ இன்னும் கேட்கவில்லை என்றும் சொன்னார். அத்தைக்கு 88 வயது. கல்வெட்டு காத்திருக்கும். கைத்தடியை எடுத்துக்கொண்டு நாளைக்கே போய்க் கேள். அவர் சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வை.

என்றும் உன்,
ராகவன்