கீழவளவு மலையும் நீலப் பெயிண்டும்

அன்புள்ள சேது,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை, போனிலும் சரியாகப் பேசவில்லை. நீ முறுக்கிக்கொண்டு இருப்பதாக மூர்த்தி சொன்னான். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு மேலூரிலேயே வேலை கிடைத்துவிட்டது. தங்கச்சிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? அந்தத் தைலத்தையே தேய்த்துக்கொண்டு இருக்காமல் ஒழுங்காக டாக்டரிடம் கூட்டிப் போ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கீழவளவு மலையில் பெயிண்டால் கிறுக்கி வைத்துவிட்டார்கள்.

பஞ்சபாண்டவர் மலைதான். நீ பாம்பு என்று அலறிக்கொண்டு இறங்கி ஓடினாயே, அதே குகை. போன மாதம் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அந்தக் காலத்தில் சமணத் துறவிகளுக்காகக் கல்லில் வெட்டிய படுக்கைகள் இருக்கும் இடத்துக்கு வந்ததும் முன்னால் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். தலைமாட்டில் கொஞ்சம் மேடு விட்டுச் செதுக்கியிருப்பார்களே, அந்த மேட்டில் நீல ஆயில் பெயிண்டில் ஒரு இதயம், உள்ளே இரண்டு எழுத்து. அடுத்த படுக்கையில் ஒரு கல்லூரி வகுப்பின் பேரும் வருஷமும். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு இன்ஸ்டாகிராம் பெயர். வழிந்த பெயிண்ட் படுக்கைப் பள்ளத்தில் தேங்கி, பாலாடை போலச் சுருங்கிக் காய்ந்திருந்தது. கையால் தடவிப் பார்த்தேன். இழைத்த கல் வழுவழுவென்று போய்க்கொண்டே இருக்கிறது, திடீரென்று விரலில் சொரசொரப்பு. சுற்றிலும் பீர் பாட்டில் சில்லு. ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினோம், அவள் காலில் செருப்பு இல்லை.

மேலே பாறையில் பழைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் வெட்டியிருக்கும் கல்வெட்டில் மட்டும் பெயிண்ட் படவில்லை. அது யாருடையது என்று நினைவிருக்கிறதா? தொண்டியைச் சேர்ந்த இலவோன் என்ற உபாசகர் செய்துகொடுத்த பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், என்று இருக்கும். உன் மாமனார் ஊர்க்காரர்! எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருப்பதால் படிக்கத் திணறுவோமே. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன், கடற்கரையில் இருந்த ஒருவர் இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒரு குன்றில், துறவிகள் படுக்கட்டும் என்று கல்லைக் கொத்த வைத்திருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

இந்த வட்டாரத்தில் கிரானைட்டுக்காக எத்தனை குன்றுகளைக் கேக் வெட்டுவதுபோல் அறுத்துக்கொண்டு போனார்கள் என்பது உனக்குத் தெரியும். 2014-இல் உயர் நீதிமன்றம் அதை விசாரிக்க ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை நியமித்தது. அந்த இயந்திரங்களுக்கெல்லாம் தப்பிய இடத்தை ஒரு பெயிண்ட் டப்பா பாழாக்கிவிட்டதே என்று அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஊரிலும் கொதித்துப் போனார்கள். மறுநாளே பையன்கள் தின்னரும் கம்பி பிரஷும் வாங்கிக்கொண்டு மலையேறக் கிளம்பிவிட்டார்கள். நான் குறுக்கே நின்றேன். ‘சார், அழுக்கைத் துடைக்கக்கூட விடமாட்டீங்களா?’ என்று ஒருவன் கத்தினான். கோபம் நியாயம்தான். ஆனால் தின்னரை ஊற்றினால் பெயிண்ட் கரைந்து கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. கம்பி பிரஷ் அந்த வழுவழுப்பையே சுரண்டிவிடும். ஆசிட் ஊற்றலாம் என்றுகூட ஒருவர் யோசனை சொன்னார்! கோயில்களில் சுண்ணாம்பை எடுக்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்தார்களே, அதில் எத்தனை கல்வெட்டு தேய்ந்து போனது, எத்தனை சிற்பத்துக்கு மூக்கும் விரலும் மழுங்கின. கிறுக்கியவன் செய்த கெடுதலைவிடத் துடைத்தவர்கள் செய்த கெடுதல் பெரிதாகிவிடும். பெயிண்டை மென்மையாக்கி, களிம்பு பூசி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே உறிஞ்சி எடுக்க வேண்டும். அதைத் தொல்லியல் துறையின் ரசாயனப் பிரிவு ஆட்கள்தான் செய்ய வேண்டும். தகவல் கொடுத்திருக்கிறோம். அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒருவழியாக ஒப்புக்கொள்ள வைத்தேன்.

எழுதியவர்களைக் கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. இன்ஸ்டாகிராம் பேரைத் தானே எழுதி வைத்திருக்கிறான். மூன்று பையன்கள், எல்லாருக்கும் இருபதுக்குள் வயது. மந்தையில் கூட்டம் கூடிவிட்டது. கட்டி வைத்து உதைக்க வேண்டும் என்றார்கள் சிலர். புராதனச் சின்னங்கள் சட்டத்தின் 30-ஆம் பிரிவில் இரண்டு வருஷம் உள்ளே தள்ளு என்றார்கள் சிலர். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும், முப்பது வருஷ காக்கிச்சட்டை எங்கே போகும்? ஆனால் கேள் மாப்ளே. ஊர்ப் பெரியவரான அம்பலகாரரிடம் கேட்டுக்கொண்டு, அவர்களை மலைக்குக் கூட்டிப் போனேன். கல்வெட்டைக் காட்டி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அதில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டே, ‘இதுவும் பேர்தானே சார்?’ என்றான். திமிராகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். ‘பேர்தான். அடுத்தவன் படுக்க இடம் கொடுத்துவிட்டுப் பேரை வெட்டினார் அவர். நீ அந்த இடத்தைக் கெடுத்துவிட்டு எழுதியிருக்கிறாய்’ என்றேன். அந்தப் பையன் அழுதுவிட்டான். இது கல்வெட்டு என்றே இதுவரை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. மலைக்கு நேர் கீழே சாலையில்தான் தினமும் பஸ்ஸில் போய் வருகிறான்.

வழக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாட்டிலும் சீட்டுக்கட்டுமாக வரும் கூட்டம் வேறு ரகம். அவர்களிடம் கல்வெட்டு படித்துக் காட்டிப் பிரயோஜனம் இல்லை, அதற்குப் போலீஸ் ரோந்துதான் வேண்டும். எனக்கு இருக்கும் கவலை ஒன்றுதான். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அந்த மலையில் நல்லவன் ஒருவனும் இருப்பதில்லை. தொல்லியல் துறையின் நீலப் பலகை மட்டும் நிற்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தைத்தானே இவர்கள் தேடி வருகிறார்கள்? ஆடு மேய்க்கும் ஒரு அப்பத்தா சொன்னார், முன்பெல்லாம் நாலைந்து மந்தை ஆடு மேயும், ஆட்கள் அந்தக் குகையில்தான் மதியம் படுப்பார்களாம். இப்போது அந்தப் பக்கம் போக அவருக்கே பயமாக இருக்கிறது. படுக்கையில் படுக்க ஆள் இல்லாமல் போனதுதான் கேடு என்று எனக்குப் படுகிறது.

நம் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பார். டங்ஸ்டன் சுரங்கம் என்றதும் ஊரே திரண்டது, 2025 ஜனவரியில் ஏலத்தையே ரத்து செய்ய வைத்தது. அங்கே வெளியாள் மலைப்பக்கம் போனால் ‘யாருப்பா நீ, எங்க போற?’ என்று கேட்க ஆள் இருக்கிறது. நம் ஊரிலும் அப்படி வர வேண்டும். பிள்ளைகளே வருகிறவர்களுக்குக் கல்வெட்டைப் படித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஐந்தாவது படிக்கும் ஒரு வாண்டு கண்ணாடியை வைத்துக்கொண்டு இடவலம் மாறிய எழுத்தை நேராக்கிப் படிக்கிறான், நீ வந்து பார்க்க வேண்டும்! அந்த மூன்று பையன்களும் ஞாயிறுதோறும் வந்து கண்ணாடிச் சில்லு பொறுக்குகிறார்கள். அதில் அழுதவன் சாக்கோடு முதல் ஆளாக வந்துவிடுகிறான்.

அப்புறம், உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். மாலை நேர ரோந்து கேட்டு எஸ்.பி.க்கும், மலை அடிவாரத்துக்கு ஒரு காவலாள் கேட்டு கலெக்டருக்கும் ஊர் சார்பில் மனு எழுதியிருக்கிறேன். நகல் இத்துடன் இருக்கிறது. போலீஸ்காரர்கள் படித்தவுடன் ஒதுக்கி வைக்காதபடி எப்படி எழுத வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும். மூன்றாவது பத்தி நீளமாக இருக்கிறது என்று நினைக்கிறேன், வெட்டித் திருத்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்க வேண்டும். நீயே வந்து கூட நின்றால் இன்னும் நல்லது.

உன்,
ராமசாமி