வறட்சி அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர் மேலாண்மைத் திட்டம் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்கிறது 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். புயல், வெள்ளம் என்றால் படகு எங்கே, முகாம் எந்தப் பள்ளியில் என்பதுவரை எழுதி வைக்கிறோம். வறட்சி என்று வந்தால் மட்டும் அரசு அறிவிக்கட்டும் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். அறிவிப்பு என்பது நிவாரணப் பணத்துக்கான வாசல். குடிநீருக்கும் தீவனத்துக்கும் மாற்று விதைக்கும் அந்த வாசல் திறக்கத் தேவையில்லை.

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டது 2017 ஜனவரி 10-ல்தான். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் தரப்பட்டது. ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்ற மத்திய விதிமுறையை ஏக்கருக்கு மாற்றினால் வரும் தொகை அது. மாநிலம் மத்திய அரசிடம் கேட்டது 39,565 கோடி; ஒப்புதல் கிடைத்தது சுமார் 1,750 கோடி. அறிவிப்பை நம்பி உட்கார்ந்திருந்தால் கிடைக்கக்கூடியது இவ்வளவுதான்.

தாமதத்துக்குக் காரணம் அதிகாரிகளின் சோம்பல் அல்ல. மத்திய வேளாண் அமைச்சகத்தின் 2016 வறட்சிக் கையேட்டின்படி முதலில் மழைக் குறைவைப் பார்க்க வேண்டும். பிறகு விதைப்புப் பரப்பு, செயற்கைக்கோள் காட்டும் பயிரின் பசுமை, மண் ஈரம், நீர்த்தேக்க, நிலத்தடி நீர் நிலவரம். அதன்பின் 10 சதவீதக் கிராமங்களில் நேரடிக் கள ஆய்வு. காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடி) பருவத்துக்கு அக்டோபர் 30, ராபிக்கு (அதை அடுத்து வரும் சாகுபடிப் பருவம்) மார்ச் 31 என்பவை அறிவிப்புக்கான காலவரம்புகள். பணம் கொடுக்க இழப்பை அளந்துதான் ஆக வேண்டும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையை நம்பி வாழும் மாநிலத்தில், மார்ச் வரை நீளும் நடைமுறையை முன்னேற்பாட்டுக்கும் அளவுகோலாக்குவது பெரும் பிழை.

எனவே மாவட்டத் திட்டத்தில் மூன்று ஆய்வு நாட்களைப் பொறிக்க வேண்டும்: அக்டோபர் 31, நவம்பர் 20, டிசம்பர் 15. மாவட்டச் சராசரி போதாது. ஒரு புயல் இரண்டே நாளில் கடலோர வட்டத்தில் கொட்டித் தீர்த்துவிட்டால் மாவட்டம் முழுக்க 'இயல்பு' என்று கணக்கு வரும். கடலிலிருந்து தள்ளியுள்ள வட்டங்களின் கண்மாய்கள் காய்ந்து கிடக்கும். நிலத்தடி நீரைப் பல ஆண்டுகள் பிர்கா (வட்டத்துக்குள் சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிரிவு) வாரியாகத்தான் மதிப்பிட்டோம். மழைக் குறைவு, கண்மாய் இருப்பு, கண்காணிப்புக் கிணற்று மட்டம் மூன்றையும் பிர்கா வாரியாகவே பார்க்கலாம். நவம்பர் 20-ல் மழை 40 சதவீதத்துக்கு மேல் குறைந்து, கண்மாய் இருப்பும் கால் பங்குக்குக் கீழே இருந்தால், புதிய கோப்பு எதுவும் இல்லாமலே குடிநீர், தீவனம், மாற்று விதைக்கான ஆட்சியரின் உத்தரவு அந்தப் பிர்காவில் அமலுக்கு வர வேண்டும்.

குடிநீரில்தான் கணக்கு அதிகம் தவறுகிறது. 5,000 பேர் உள்ள ஊராட்சிக்கு ஆளுக்கு 40 லிட்டர் என்றால் நாளுக்கு 2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 17 நடை. உடனே லாரிக்கு டெண்டர் விடுகிறோம். நிமிடத்துக்கு 200 லிட்டர் தரும் ஆழ்துளைக் கிணற்றில் ஒரு லாரி நிரம்ப ஒரு மணி நேரம் ஆகும். 17 நடைக்கு 17 மணி நேரம், அதுவும் மின்சாரம் தடைபடாமல் இருந்தால். எத்தனை லாரி சேர்த்தாலும் வரிசைதான் நீளும். நிரப்பும் இடத்தில் 50,000 லிட்டர் தரைமட்டத் தொட்டி கட்டி, மோட்டாரை விடாமல் ஓட்டிச் சேமித்து, பெரிய பம்பால் லாரியில் ஏற்றினால் கால் மணி நேரத்தில் அனுப்பிவிடலாம். ஜெனரேட்டரும் அங்கேயே வேண்டும். ஊரிலும் குழாய் வைத்த தொட்டியில் இறக்க வேண்டும். ஹோஸிலிருந்து குடம் குடமாகப் பிடித்தால் லாரி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

நிரப்பும் கிணறுகளைத் தேர்வு செய்யும்போது துளையிட்ட அன்று எழுதிய ஊற்றளவை நம்பக் கூடாது. மே மாதத்தில் 8 மணி நேரம் தொடர்ந்து இறைத்துப் பார்த்து, தாக்குப்பிடிக்கும் அளவை மட்டும் பதிய வேண்டும். இல்லையென்றால் நீர்மட்டம் இறங்கி மோட்டார் வறண்டு ஓடிக் கருகும். லாரி ஒன்றுக்குச் சுமார் 100 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிய வைத்து ஊற்றி, அரை மணி நேரம் விட வேண்டும். இறக்கும் இடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஈரம் பட்டுப் பழசான பவுடரில் குளோரின் வீரியம் பாதிகூட இருக்காது.

தீவனத்துக்கும் இதே கதைதான். பெரிய மாடு உயிர் தாங்க நாளுக்கு 6 கிலோ வைக்கோல் வேண்டும். ஆயிரம் மாடுகளுக்கு 90 நாளைக்கு 540 டன். விளைச்சல் உள்ள வட்டங்களில் அறுவடை நடக்கும் ஜனவரியிலேயே வாங்கிக் கட்டுக்கட்டி வைத்தால் கிடைக்கும். மார்ச்சில் தேடினால் அது வெளிமாநில லாரிகளில் போயிருக்கும். மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்பதுதான் மிஞ்சும்.

விதையைப் பொறுத்தவரை, நெல் கைவிட்ட 10,000 ஏக்கரில் உளுந்து போட ஏக்கருக்கு 8 கிலோ வீதம் 80 டன் தேவை. மண் ஈரம் காயும்முன் அது வேளாண் விரிவாக்க மையத்தில் இருந்தாக வேண்டும். பயறு வண்டு துளைத்த பழைய இருப்பு முளைக்காது. முளைப்புத்திறன் 75 சதவீதம் இருக்கிறதா என்று செப்டம்பரிலேயே சோதிக்கலாம்.

பயிர்க் காப்பீட்டில், ஒரு காப்பீட்டு அலகில் (இழப்பைச் சேர்த்துக் கணக்கிடும் பகுதி) 75 சதவீதத்துக்கு மேல் விதைக்கவே முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்கும். ஆனால் விதைத்தபின் அடங்கல் (நிலத்தில் உள்ள பயிரைக் காட்டும் கிராமப் பதிவு) வாங்கித்தான் பதிய முடியும் என்று ஊரில் எல்லாரும் நினைத்தால் அந்தப் பிரிவு யாருக்கும் உதவாது. விதைக்கவிருக்கும் நிலத்துக்கே கிராம நிர்வாக அலுவலர் சான்று தந்து, முன்கூட்டியே பதியச் செய்ய வேண்டும்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபையில் நிரப்பும் கிணறுகள், லாரி நடை, தீவனக் கிடங்கு, விதை இருப்பு ஆகியவற்றின் பட்டியலை வாசிக்க மாவட்ட ஆட்சியர்கள் உத்தரவிட வேண்டும். பட்டியலில் உள்ள எந்தக் கிணறு போன கோடையில் வற்றியது என்பதை அந்த ஊர்க்காரர்கள் அங்கேயே சொல்லிவிடுவார்கள். நவம்பர் 20-க்குள் அதை நீக்கி மாற்றுக் கிணறு சேர்க்கக் கிட்டத்தட்ட மூன்று வாரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர் ஒருவர்